மேனேஜர் பேத்திக்கு ஒரு கெணத்து மேஸ்திரியின் ரோசனை

ஏத்தா, நீ புராஜெக்ட் மேனேஜர் ஆயிட்டன்னு உங்க ஆச்சி தெரு முழுக்கக் கல்கண்டு குடுத்துட்டு வந்திருக்கா. வாங்கித் தின்னவளுக சும்மா இருப்பாளுகளா? "மேனேஜர்னா உன் பேத்தி என்ன வேல பாப்பா?"ன்னு கேட்டிருக்காளுக. அவளுக்குச் சொல்லத் தெரியல. என்கிட்ட வந்து நின்னா. "இம்புட்டு நாளும் அவ வேல பாத்தா. இனிமே முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேப்பா. அதுக்குச் சம்பளம் ஜாஸ்தி"ன்னு சொல்லி அனுப்புனேன். தப்பாச் சொல்லியிருந்தா நீயே போய்த் திருத்திரு தாயி.

கம்ப்யூட்டரப் பத்திக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. கொரோனா வருசத்துல நீ நடு ரூம்புல உக்காந்து ஆபீஸ் நடத்துன. சொவத்துக்கு இந்தப் பக்கம் என் கட்டிலு. உன் மீட்டிங் அம்புட்டும் என் காதுலதான் நடந்துச்சு. நீ மைக்க மூடிட்டு யார யார என்னன்னு வஞ்சங்கிறது வரைக்கும் எனக்குத் தெரியும். ராத்திரி கரண்டு போனா நான் உனக்குப் பேய்க் கதை சொன்னேன், பதிலுக்கு நீ உங்க தொழில்ல நடந்த பேய்க் கதையெல்லாம் எனக்குச் சொன்ன. எங்க பேயவிட உங்க பேயிதான் பயங்கரம். எங்க பேயப் பாத்தவன் எவனும் கெடையாது. உங்க பேயிக்குத் தேதி, தொகை, விசாரணை அறிக்கை எல்லாம் இருக்கு.

நானும் வாலிபம் முழுக்கக் கெணறு வெட்டுன மேஸ்திரி. உன் சோலியும் என் சோலியும் ஒண்ணுதான். கீழ என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது; எப்ப முடியும்னு மேல நிக்கிறவன் மட்டும் கேட்டுக்கிட்டே இருப்பான். அதனால நான் சொல்லுதத காதுல வாங்கிக்க. நல்லவளா இருக்கதுக்கு ரோசன சொல்ல ஊருல ஆயிரம் பேரு உண்டு. பொழைக்கதுக்கு நான் சொல்லுதேன்.

மொதல்ல தேதி. சம்சாரி வந்து, "மேஸ்திரி, தை பொறக்கதுக்குள்ள தண்ணி பாத்துரலாமா?"ம்பான். பூமிய இன்னும் ஒரு கொத்து கொத்தல. மேல கரிசல் இருக்கு, அது தெரியும். அதுக்குக் கீழ சுக்கான் வரும், அதுவும் ஓரளவு தெரியும். அதுக்கும் கீழ சரளையா, பாறையா? பாறைன்னா எத்தன அடிக்குப் பாறை? அது பூமாதேவிக்கு மட்டும் தெரிஞ்ச வெவரம். "தெரியாதுய்யா"ன்னு சொல்லிப் பாரு, அடுத்த ஊரு மேஸ்திரியத் தேடிப் போயிருவான். அதனால நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? "பங்குனி உத்தரத்துக்குள்ள பாத்துரலாம்"பேன். எந்த வருசத்துப் பங்குனின்னு அவனும் கேக்க மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். உங்க ஆபீஸ்ல 'க்யூ த்ரீ'ன்னு சொல்லுதாகளே, அதைக் கண்டுபிடிச்சவன் என் சாதிக்காரனாத்தான் இருக்கணும், மேஸ்திரி சாதி. மூணு மாசத்துக்கும் சேத்து ஒரே பேரு. கேக்கவன் மொத நாள நெனச்சுக்கிடுதான், சொல்லுதவன் கடேசி நாள நெனச்சுக்கிடுதான். ரெண்டு பேரும் கை குடுத்துக்கிட்டுச் சிரிக்காக.

உன் விசயத்துல அதுக்கும் வழியில்ல. ஆர்டர் பிடிக்கப் போன ஆளு செப்டம்பர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டான். அதுக்கப்புறந்தான் உங்கள வட்டமா உக்கார வச்சு, எம்புட்டு நாளு ஆகும்னு கணக்குப் போடச் சொன்னாக. அதையும் நான் கேட்டேன். உங்க பயலுக சீட்டு எடுக்காக! 1, 2, 3, 5, 8, 13னு நம்பரு போட்ட சீட்டு. நம்மூருச் சாவடியில சீட்டுப் போட்டா ஏட்டையா வந்து நிப்பாரு. அங்க கம்பெனியே கட்டு வாங்கித் தருது. ஆனா ஒண்ணு, அது நல்ல ஏற்பாடுதான். ஒரு வேலைய வாசிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல சீட்டத் திருப்பணும். ஒருத்தன் மொகத்தப் பாத்து இன்னொருத்தன் சொல்ல முடியாது. ஒருத்தன் 3 வச்சு இன்னொருத்தன் 13 வச்சா, ரெண்டு பேரும் ஏன்னு சொல்லணும். அந்த 13 வச்சவன் இருக்கானே, அவந்தான் ஏற்கெனவே அந்த எடத்துல கடப்பாரையப் போட்டுப் பாத்தவன். கீழ பாறை இருக்கது அவனுக்குத்தான் தெரியும்.

அவன்கிட்ட நீ என்ன சொன்ன? "ஏம்ப்பா, கொஞ்சம் கொறச்சுக்கயேன். கிளையண்டு ஒத்துக்க மாட்டாரு." அவனும் பாவம், 5னு மாத்திக்கிட்டான். பாறை மாத்திக்கிடல.

இன்னொரு கூத்து. அந்த நம்பரு நாள் கணக்கு இல்ல, வேலயோட கனத்துக்கு ஒரு குறின்னு நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள உங்க பெரியவரு அத நாளா மாத்தி, நாள மாசமா மாத்தி, மாசத்த டாலரா மாத்திட்டாரு. 'மூணுல இருந்து ஏழு மாசம் ஆகலாம்'னு நீ சொன்னா அவுக காதுல 'மூணு' மட்டும் விழும். ஏழு காத்துல போயிரும். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர்னு ஒரு வாத்தியாரு 1979லயே எழுதி வச்சிருக்காராமே: எந்த வேலயும் நீ நெனச்சதவிட இழுக்கும்; இழுக்கும்னு சேத்து நெனச்சாலும் அதுக்கு மேலயும் இழுக்கும்னு. அவரு எந்த ஊருல கெணறு வெட்டுனாரோ தெரியல.

ராய்ஸ் கதைய நீ சொன்னப்பத்தான் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்துச்சு. வின்ஸ்டன் ராய்ஸுன்னு ஒரு மனுசன், 1970ல ஒரு கட்டுரை எழுதுதாரு. அதுல படி படியா எறங்குத மாதிரி ஒரு படம். மொதல்ல என்ன வேணும்னு கேக்கணும், பொறவு திட்டம், பொறவு கோடு, பொறவு சோதன, பொறவு ஓட்டம். மேல இருந்து கீழ, ஒவ்வொண்ணா. படத்துக்குக் கீழயே, இப்படி மட்டும் போனா ஆபத்து, தோல்விய நாமளே கூப்பிட்டுக்கிடுத மாதிரின்னும் எழுதியிருக்காரு. மிச்சக் கட்டுரை பூராவும் அத எப்படிச் சரி பண்ணதுன்னுதான். உலகத்துல இருந்த பெரிய மனுசங்க எல்லாம் படத்தப் பாத்தாக. பக்கத்தத் திருப்பல. பத்துப் பதினஞ்சு வருசம் அந்தப் படத்தையே சாமி மாதிரி கும்புட்டாக. அதனால, நீ மேல அனுப்புத தாள்ல படம் போட்டா, எச்சரிக்கையையும் படத்துக்குள்ளயே எழுது. கீழ எழுதினா ஒருத்தனும் வாசிக்க மாட்டான்.

அதுக்கு மாத்து மருந்துன்னு 2001 பிப்ரவரியில பதினேழு பேரு அமெரிக்காவுல யூட்டாப் பக்கம் ஸ்னோபேர்டுங்கிற பனிமலைக்குப் போயி ஒரு அறிக்கை எழுதுனாக. சின்ன அறிக்கை, நம்ம கோயில் கொடை நோட்டீஸவிடச் சின்னது. தாள்ல எழுதி வச்சதக் கட்டிக்கிட்டு அழாதீக, மனுசனோட பேசுங்க, ஓடுத சாப்ட்வேரக் காட்டுங்கங்கிறதுதான் அதோட சாரம். இப்ப அதுக்கே பரீச்ச, சர்ட்டிபிகேட்டு, பீஸு எல்லாம் வந்துருச்சு. தெனமும் பதினஞ்சு நிமிசம் நின்னுக்கிட்டே பேசணுமாம். கால் வலிச்சா வாய் தானா மூடும்ங்கிற கணக்கு. நீ கட்டில்ல படுத்துக்கிட்டே முக்கா மணி நேரம் 'நின்ன' மீட்டிங்கெல்லாம் எனக்குத் தெரியும்.

சரி, தேதி தள்ளப் போகுதுன்னு மேல தெரிஞ்சா என்ன நடக்கும்? உங்க பெரியவரு நெஞ்சத் தொட்டுச் சொல்லுவாரு: "கவலப்படாதம்மா, இன்னும் பத்துப் பேரத் தாரேன்."

கெணத்துக்குள்ள நாலு பேரு நின்னு கொத்தலாம். எட்டுப் பேர எறக்கினா ஒருத்தன் கடப்பாரை அடுத்தவன் கால்ல விழும். மண்ண மேல தூக்கக் கயிறு ஒண்ணு, கூடை ஒண்ணு. பழைய ஆளு கொத்துத நேரத்துல, புது ஆளுக்கு 'அந்தப் பக்கம் போகாத, அங்க மருந்து கெட்டிச்சு வச்சிருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு நிக்கணும். சொல்லாம விட்டா இன்னும் மோசம். ஐபிஎம் கம்பெனியில ஓஎஸ்/360ன்னு ஒரு பெரிய வேலய 1960கள்ல நடத்துன பிரெட் புரூக்ஸு, இதப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு 1975ல ஒரு புத்தகமே போட்டாரு. ஏற்கெனவே பிந்திப் போன சாப்ட்வேர் வேலயில ஆள் சேத்தா இன்னும் பிந்தும்ங்கிறது அதுல உள்ள சங்கதி. புள்ள பெறப் பத்து மாசம். பத்துப் பொம்பளைங்க சேந்தாலும் ஒரு மாசத்துல பெத்துற முடியாதுங்கிற கணக்கையும் அவரு சொல்லியிருக்காராம். அத நம்ம மருத்துவச்சியும் சொல்லுவா, புத்தகம் போடல.

நீ ஒரு நாள் தாள்ல கோடு போட்டுக் காட்டுனியே, அதுதான் எனக்கு வெளிச்சம். அஞ்சு பேரு இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேச 10 வழி. பத்துப் பேருன்னா 45 வழி. இருவது பேருன்னா 190. ஆளு நாலு பங்கு ஆச்சு, பேச்சு பத்தொம்பது பங்கு ஆச்சு. வேல எங்க நடக்கும்? எல்லாரும் எல்லார்கிட்டயும் தாக்கல் சொல்லிக்கிட்டே இருப்பாக.

இதப் போயி உங்க பெரியவருகிட்டச் சொல்லி ஆள வேண்டாம்னு சொல்லிறாத, பைத்தியக்காரி. வேண்டாம்னா, 'பத்துப் பேரு தாரேன்னேன், இவதான் மாட்டேன்னா'ன்னு பேரு. வாங்கிக்கிட்டா, 'பத்துப் பேரு குடுத்தும் முடிக்கல'ன்னு பேரு. எப்படியும் பேரு உனக்குத்தான். அதனால சிரிச்ச மொகமா வாங்கு. வாங்கிட்டு ஒருத்தனையும் கெணத்துக்குள்ள எறக்காத. மேல மண்ணள்ளப் போடு. சோதன எழுதுதது, பழைய தரவுல உள்ள குப்பையக் கூட்டுதது, எப்படி ஓட்டணும்னு பொஸ்தகம் எழுதுததுன்னு, கீழ நிக்கிறவனக் கூப்பிட்டுக் கேள்வி கேக்காமச் செய்யுத வேல எம்புட்டோ கெடக்கும். கொத்துதவன் நிம்மதியாக் கொத்துவான். பெரியவரும் ஆள் குடுத்த புண்ணியத்தோட ஒறங்குவாரு.

கிளையண்டு விசயத்துக்கு வாரேன். நாப்பது அடி எறங்கியாச்சு. சம்சாரி வரப்புல நின்னு எட்டிப் பாத்துட்டு, "மேஸ்திரி, வட்டக் கெணறவிடச் சதுரக் கெணறுதான் அம்சமா இருக்கும்னு எங்க மச்சான் சொல்லுதான். சின்ன மாத்தந்தானே?"ம்பான். அந்த 'சின்ன மாத்தந்தானே'ங்கிறத உன் மீட்டிங்லயும் கேட்டேன், இங்கிலீசுல. அமெரிக்காவுல எப்பிஐன்னு துப்பறியுத ஆபீஸு. கேஸ் கட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறோம்னு ஆரம்பிச்சு, என்னென்ன வேணும்னு எழுதுன பட்டியலே 800 பக்கத்துக்கு மேல. அதையும் மாத்தி மாத்தி எழுதி, 17 கோடி டாலர் செலவழிச்சு, 2005ல குழிய மூடிட்டுப் போயிட்டாக. எவன் பணத்தத் திருடுனாலும் பிடிக்கவுக, அவுக பணம் எங்க போச்சுன்னு அவுகளுக்கே தெரியல.

இதுக்கு என் கைவசம் ஒரு மருந்து இருக்கு. எதுக்கும் 'முடியாது'ன்னு சொல்லாத. "தாராளமாச் செஞ்சிரலாம் ஐயா, எழுதிக் குடுத்துருங்க. எம்புட்டு ஆகும், எந்த வேல பின்னால போகும்னு நானும் எழுதித் தாரேன், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க"ன்னு சொல்லு. கையெழுத்துன்னதும் பாதிப் பேருக்கு வட்டக் கெணறே அம்சமாத் தெரியும்.

கயித்தப் பத்தியும் ஒரு வார்த்த. கயித்த ஒரு தடவ இழுத்துப் பாக்காம எவனும் கெணத்துல எறங்க மாட்டான். உங்க ஆளுக எறங்குவாக. ஜிட்லேப்ங்கிற கம்பெனியில 2017 ஜனவரி 31ந் தேதி ராத்திரி, களைச்சுப் போயிருந்த ஒரு பய, வேற மிஷின்னு நெனச்சு நெசமா ஓடிக்கிட்டிருந்த மிஷின்ல தரவ அழிச்சுட்டான். சுதாரிச்சு நிறுத்துறதுக்குள்ள 300 ஜிபி போயி நாலரை ஜிபிதான் மிச்சம். சரி, நகல் இருக்கேன்னு போனா, நகல் எடுக்க வச்சிருந்த அஞ்சு வழியில ஒண்ணும் ஒழுங்கா வேல செய்யல. நகல் எடுக்க முடியலன்னு மிஷின் அனுப்புன மெயிலும் வந்து சேரல. ஆறு மணி நேரத்துக்கு முன்னால வேற எதுக்கோ அந்தப் பயலே எடுத்து வச்ச ஒரு நகல்தான் மானத்தக் காப்பாத்துச்சு. ஆனா அந்தக் கம்பெனிக்காரங்க செஞ்சது எனக்குப் பிடிச்சுப் போச்சு. மீட்டெடுக்குத வேலைய யூடியூப்ல ஊரே பாக்க நேரலையா விட்டாக. என்ன நடந்துச்சுன்னு வரி வரியா எழுதிப் போட்டாக. அழிச்ச பய பேர மட்டும் போடல.

இன்னொரு எடத்துல மெயிலு வந்து சேந்துச்சு, படிக்கத்தான் ஆளு இல்ல. 2012 ஆகஸ்டு 1, நைட் கேப்பிட்டல்னு பங்கு வாங்கி விக்கிற கம்பெனி. எட்டு மிஷின்ல ஏழுக்குத்தான் புதுக் கோடு ஏத்தியிருக்கான் ஒருத்தன். எட்டாவதுல பழைய பூதம் முழிச்சுக்கிட்டுத் தன் இஷ்டத்துக்கு வாங்க ஆரம்பிச்சுருச்சு. முக்கா மணி நேரத்துல 44 கோடி டாலர். கட தொறக்கதுக்கு முன்னாலயே 'என்னமோ தப்பா இருக்கு'ன்னு 97 மெயிலு போயிருந்துச்சாம். நீ ஒரு நாளைக்கு எத்தன மெயில வாசிக்காமத் தள்ளுதன்னு நான் கேக்கல. இன்னொண்ணும் கேளு: 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழம வேற, ஒரு பாதுகாப்புக் கம்பெனி அனுப்புன திருத்தத்துல உலகம் பூரா 85 லட்சம் கம்ப்யூட்டர் படுத்துச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே போர்டிங் பாஸ கையால எழுதிக் குடுத்தாக. கையெழுத்து நல்லாருந்துச்சுன்னு உங்க அப்பன் பேப்பரப் பாத்துச் சொன்னான்.

இதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்ததே வேற. உன் வாராந்தரத் தாளு.

அதுல ஒரு கட்டத்துக்குப் பச்ச, மஞ்ச, செவப்புன்னு மூணு நெறத்துல ஒண்ணு அடிக்கணும், இல்லையா? சித்திரையில இருந்து நீ பச்சதான் அடிச்சுக்கிட்டு வார. இப்ப ஆடி. ஆடிக் கொடைக்கு வந்தவ சாமியப் பாக்காம லேப்டாப்பப் பாத்துப் பெருமூச்சு விடுத. பணம் வாங்குத கோடு இன்னும் வங்கியோட பேசல, பழைய கணக்கு புதுசுல ஏறல, 13 வச்ச பய பேப்பர் போட்டுட்டு நோட்டீஸ் பீரியட்ல இருக்கான். தாளு மட்டும் கதிரு பிடிச்ச வயலு மாதிரி பச்சப் பசேல்னு இருக்கு. வெளிய பச்ச, உள்ள செவப்பு. இதுக்குத் தர்ப்பூசணின்னு உங்க தொழில்லயே பேரு வச்சிருக்காகன்னு நீதான் சிரிச்சுக்கிட்டுச் சொன்ன. அடுத்தவன் தோட்டத்துப் பழம்னா சிரிப்பு வரத்தான் செய்யும்.

உன்னக் குத்தம் சொல்லல தாயி. இதுல நான் உனக்குப் பாட்டன். எங்க பாஷையில அதுக்கு 'இன்னும் ரெண்டடி'ன்னு பேரு. அம்பது அடியில பாறை. ஊத்தோட வாடையே இல்ல. சம்சாரி வந்து கேட்டா, "ஈரம் தட்டுதுய்யா, இன்னும் ரெண்டடி"ம்பேன். அவன் பொண்டாட்டி கம்மல அடகு வச்சுக் கூலி குடுப்பான். மறுவாரமும் இன்னும் ரெண்டடி. உங்க ஆளுக அத '90 சதம் முடிஞ்சுது'ங்காக. பெல் லேப்ஸ்ல வேல பாத்த ஒருத்தரு சொன்ன வேடிக்க உண்டாமே: மொத 90 சத வேலக்கி 90 சத நேரம் ஆகும், மிச்சம் 10 சதத்துக்கு இன்னொரு 90 சதம் ஆகும்னு. கூட்டிப் பாத்தா 180. அந்தக் கணக்கு எனக்கு மட்டும் சரியாத் தெரியுது.

டென்வர்னு அமெரிக்காவுல ஒரு ஊரு. பெட்டியெல்லாம் ஆள் தொடாமக் கம்ப்யூட்டரே பிளேனுக்குக் கொண்டு போகும்னு சொல்லி, புது ஏர்போர்ட்ட 1993 அக்டோபர்ல தொறக்கதா இருந்தாக. 1994ல பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டு அந்த மிஷின ஓட்டிக் காட்டுனாக பாரு, அங்கதான் சிரிப்பே. பெட்டி மோதி வாய் பொளந்து, உள்ள இருந்த துணிமணியெல்லாம் சிதறுச்சு. கடேசியில 1995 பிப்ரவரி 28ந் தேதிதான் ஏர்போர்ட்டத் தொறந்தாக, பதினாறு மாசம் பிந்தி. 2005ல மிஷின் வேண்டாம்னு மூடிட்டு ஆள விட்டே தூக்கச் சொன்னாக. அந்த வேலய ஆரம்பிக்கும்போதே, இம்புட்டுப் பெரிசு இந்த நேரத்துல ஆகாதுன்னு சொன்ன ஆளு இல்லாம இல்ல. சொன்னவன் வாயில மண்ணு.

அதவிட எனக்கு ஒறக்கத்தக் கெடுத்தது 2013 அக்டோபர் 1 கதைதான். அமெரிக்க சர்க்காரு, சனங்களுக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் வாங்க ஹெல்த்கேர் டாட் கவ்னு தொறந்தாக. நாடு பூரா லட்சக்கணக்குல ஆளு வந்து கதவத் தட்டுது. மொத நாள்ல முழுசாப் பதிஞ்சு முடிச்சவுக ஆறு பேரு. ஆறே பேரு! வேல எடுத்த கம்பெனி மட்டும் 55. பதிஞ்ச ஆளுக்கு ஒம்பது கம்பெனி வீதம் வருது. ஆறு மாசம் முன்னாலயே வெளி ஆள வச்சுப் பாத்து, இது வெளங்காத சோலி, சோதிக்க நேரமில்லன்னு அறிக்கையும் வாங்கியிருக்காக. அந்தத் தாளு ஒவ்வொரு படியா ஏறும்போது செவப்பு மஞ்சளாச்சு, மஞ்ச பச்சையாச்சு. உச்சியில இருக்கவருக்குப் போய்ச் சேரும்போது வெள்ளாமையே வெளஞ்சு போச்சு.

பொறவு சரி பண்ண வந்த பயலுக ஒரு ரூம்பு பிடிச்சு, சொவத்துல சட்டம் எழுதி ஒட்டுனாகளாம். இந்த ரூம்புல சிக்கலத் தீக்கத்தான் வந்திருக்கோம், பழி போட எடம் வேற இருக்குங்கிறது ஒண்ணு. வெவரம் தெரிஞ்சவன் பேசணும், பெரிய பதவிக்காரன் கேக்கணும்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டே மாசத்துல ஓட வச்சுட்டாக. நீ அந்தத் தாள உன் ஆபீஸ்ல ஒட்டிறாத ஆத்தா. உங்க வைஸ் பிரெசிடெண்டு வாய மூடிக்கிட்டு உக்காந்துட்டா, அப்புறம் அவருக்கு அங்க என்ன சோலி இருக்கு? புள்ளகுட்டிக்காரரு.

உண்மையச் சொன்னா என்ன ஆகும்னு என் சொந்த அனுபவத்துல ஒண்ணு சொல்லுதேன், அதக் கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு. கெழக்கூருல ஒரு சம்சாரிக்கு வெட்டுனோம். இருவது அடியிலயே கரும்பாறை. தமரு போட்டா ஊசி மழுங்குது. மருந்து வச்சு வெடிச்சா கையளவு சில்லுதான் பேருது. அந்தப் பாறைய எனக்குத் தெரியும். அது கீழ போயிக்கிட்டே இருக்கும். 'இன்னும் ரெண்டடி'ன்னு சொல்லியிருந்தா எனக்கு ஆறு மாசக் கூலி. என்ன கோட்டி பிடிச்சுதோ, நேராப் போயி, "ஐயா, இந்த எடத்துல தண்ணி கெடையாது. மேக்கால ஓடக்கரை பக்கம் பாப்போம். இதுவரைக்கும் ஆன செலவு இம்புட்டு. இன்னும் எறங்கினா இம்புட்டு ஆகும், தண்ணிக்கு நான் பொறுப்பில்ல"ன்னு சொல்லிட்டேன்.

அவன் துண்ட ஒதறித் தோள்ல போட்டான். வஞ்சான். என் அப்பன் வரைக்கும் வஞ்சான். பாதிக் கூலியப் பிடிச்சுக்கிட்டான். சரி, இத்தோட இந்த ஆளு சகவாசம் விட்டுதுன்னு நிம்மதியா வந்தேன். எங்க விட்டான்? மறுவருசம் ஓடக்கரையில வெட்ட என்னத்தான் கூப்பிட்டான். அவன் மச்சான் ரெண்டு கெணத்துக்குக் கூப்பிட்டான். மச்சானுக்குச் சம்பந்தக்காரன் வில்வண்டி அனுப்புனான். "கீழ பாறைன்னா பாறைன்னு சொல்லிருவான்யா"ன்னு ஊரு ஊராச் சொல்லி வச்சுட்டானுக. மத்த மேஸ்திரியெல்லாம் சாவடியில வெத்தல போட்டுக்கிட்டுக் கெடந்தாக, எனக்குக் கோடையில ஒரு நாள் சாய நேரமில்ல. இடுப்பு ஒடிஞ்சது அப்பத்தான். உண்மை சொல்லுததுல உள்ள நட்டத்த ஒருத்தனும் முன்கூட்டிச் சொல்ல மாட்டான், நான் சொல்லிட்டேன்.

இப்ப மணி ஏழாகப் போகுது. அங்க காலம்பற ஒம்பதரை, உன் கிளையண்டு காப்பியக் குடிச்சுட்டுத் தெளிவா உக்காந்திருப்பான். போனப் போடு. என்ன முடிஞ்சிருக்கு, என்ன முடியல, எந்த எடத்துல பாறைன்னு மூணே வரியில சொல்லு. நாலாவது வரி சமாளிப்பாப் போயிரும். அவன் கேக்கதுக்கு முன்னால, எதக் கொறச்சா செப்டம்பருக்குள்ள எம்புட்டுக் குடுக்க முடியும்னு நீயே சொல்லு. மிச்சத்துக்கு டிசம்பர்னு சொல்லு.

எந்த டிசம்பர்னு அவனாக் கேட்டா மட்டும் வருசத்தச் சொல்லு.